குலுக்காத கிண்ணம்

அன்று அந்த வளைகுடா ஊரில், கிரீக் என்ற கடற்கழியின் கரையில் காற்று என்பதே இல்லை. அப்ரா படகுகளில் கட்டியிருந்த கொடிகள் கம்பத்தோடு ஒட்டிக் கிடந்தன, தண்ணீரில் ஒரு நெளிவு கிடையாது, ஜும்மா தொழுகை முடிந்து திரும்பியவர்களின் வெள்ளை அங்கிகள் வியர்வையில் முதுகோடு பதிந்திருந்தன. அப்படியிருக்க, சந்தின் கடைசியில் தெரிந்த அந்த ஒரு பழைய வீட்டின் காற்றுக் கோபுரத்தில் தொங்கவிட்டிருந்த துணி மட்டும் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. ஆல்டோ அதைப் பார்த்தான். உயரத்தில் கொஞ்சம் காற்று இருக்கும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

அவனுக்கு வேறு கவலை இருந்தது. மகள் ஜிஷாவின் கையில் பள்ளிக்கூடத்தில் கொடுத்த தாள். இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் மியூசியமாக மாற்றப்பட்ட பழைய வீடு ஒன்றைப் போய்ப் பார்த்து, படம் வரைந்து கொண்டுவர வேண்டுமாம். மனைவி சுபிஷாவுக்கு ஆஸ்பத்திரியில் வெள்ளிக்கிழமை டூட்டி. ஆகவே வேலை அப்பன் தலையில் விழுந்தது. "பிள்ளைக்க கைய விட்டுராதீங்க. கண்ட எடத்துல கண்டதையும் வாங்கிக் குடுக்காதீங்க, கேட்டியளா?" என்று நர்ஸ் உடுப்பை மாட்டிக்கொண்டே சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

தாளில் மூன்று வீடுகளின் பெயர் இருந்தது. சத்வாவில் பஸ் ஏறியதிலிருந்து அப்பனும் மகளும் எந்த வீடு என்று மல்லுக்கட்டிக்கொண்டு வந்தார்கள். ஜிஷாவுக்கு முத்து வியாபாரி வீடுதான் வேண்டும், அங்கே முத்து கொட்டிக் கிடக்கும் என்பது அவள் நினைப்பு. ஆனால் அந்த வீட்டுச் சுவரில் வரிசையாக ஏசி அவுட்டோர் யூனிட்டுகள் மாட்டி, சந்து முழுக்க அனல் ஊதிக்கொண்டிருந்தன. வாரம் முழுக்க அந்தச் சனியன்களோடு குடும்பம் நடத்துகிற ஏசி மெக்கானிக் ஆல்டோ. லீவு நாளிலும் அதன் மூஞ்சியில் விழிக்க முடியாது என்று நடையைக் கட்டினான். பேரீச்சம்பழ வியாபாரி வீடு பூட்டியிருந்தது, சாயங்காலம்தான் திறப்பார்களாம். மூன்றாவது, ஒரு காலத்தில் பள்ளிக்கூடமாக இருந்த வீடு. அது எங்கே என்று தேடும்போதுதான் துணி படபடத்த வீட்டின் கதவு திறந்திருப்பதைப் பார்த்தான். சுவரில் ஒரு யூனிட் இல்லை, ஒரு வயர் இல்லை, டிக்கெட் மேஜைகூட இல்லை.

"இதுக்குப் போவோமா மக்ளே?"

"நேம் போர்டே இல்லியே டாடி. இது அந்த ஸ்கூல் ஹவுஸானு ஹவ் டூ வி நோ?"

"பழைய வீடு, தொறந்து கெடக்கு. வேற என்ன வேணும்? வா."

பெரிய மரக்கதவுக்குள் சின்னக் கதவு ஒன்று. குனிந்துதான் நுழைய வேண்டும். உள்ளே மணல் விரித்த முற்றம், சுற்றிலும் பவளக்கல் சுவர், கண் கூசும் வெயில். ஆள் யாரையும் காணோம். ஓர் அறையில் மரக்குச்சிகளைக் கட்டி நிறுத்திய கூடு ஒன்று இருந்தது, ஜிஷாவின் தோளுயரம். அதன் அடியில் மண்சட்டியில் சாம்பல். அது என்ன என்று அவள் கேட்டதற்கு, கோழிக்கூடாக இருக்கும் என்று அவன் வாய்க்கு வந்ததைச் சொன்னான். அவள் நம்பவில்லை, அவனும்தான்.

காற்றுக் கோபுரத்தின் அடியில் இருந்த பெரிய அறைதான் மஜ்லிஸ், விருந்தாளிகளை உட்காரவைத்து உபசரிக்கும் இடம். சுவரோரம் சிவப்புத் திண்டுகளில் சாய்ந்து ஆளுயரப் பொம்மைகள் உட்கார்ந்திருந்தன. இந்த ஊர் மியூசியங்களில் அது வழக்கம்தான்: தாடி வைத்து, அங்கி போட்டு, கண்ணாடிக் கண் பதித்து வைத்திருப்பார்கள். வாசலைப் பார்த்தபடி நின்ற ஒரு பொம்மையின் இடக்கையில் மூக்கு நீண்ட பித்தளைக் கூஜா. வலக்கையில் பிடியில்லாத சின்னக் கிண்ணம், உள்ளே வருகிறவர்களை நோக்கி நீட்டியபடி. ஜிஷாவைச் சிரிக்கவைக்க ஆல்டோ அதற்கு முன்னால் கையை ஆட்டினான். "எனக்கு வேண்டாம் பாய், இப்பத்தான் சாயா குடிச்சேன். மாஃபி, மாஃபி."

ஜிஷா சிரித்தாள்.

அந்த அறையின் குளிர்ச்சிதான் அவனை இழுத்தது. கோபுரத்தின் வழியாகக் காற்று நேராகத் தலையில் இறங்கியது. வெறும் காற்று இப்படிக் குளிராது. கம்ப்ரஸர் இல்லாமல், கேஸ் இல்லாமல் இது எப்படி முடியும் என்று அவன் கோபுரத்துக்கு நேர் கீழே போய் அண்ணாந்து பார்த்தான். மேலே நாலு பக்கமும் திறப்பு இருக்க வேண்டும், வானம் தெரிய வேண்டும். இருட்டாக இருந்தது. அடைத்திருக்கிறார்களோ? அடைத்திருந்தால் காற்று எங்கிருந்து வருகிறது? கழுத்து வலிக்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றான். பின்னால் மெல்லியதாக எதையோ ஊற்றும் சத்தம் கேட்டது.

திரும்பினான். திண்டுகளில் காலியாக இருந்த ஓர் இடத்தில் மஞ்சள் ஃபிராக்கை ஒதுக்கிவிட்டுக்கொண்டு ஜிஷா உட்கார்ந்திருந்தாள். கையில் அந்தச் சின்னக் கிண்ணம். ஆவி பறந்தது. ஏலக்காய் மணத்தது.

"யாரு மக்ளே தந்தது?"

"அங்கிள்."

பக்கவாட்டுக் கதவின் திரை ஆடிக்கொண்டிருந்தது. மியூசியத்து ஆள் வந்து ஊற்றிக் கொடுத்துவிட்டுப் போயிருப்பான் என்று ஆல்டோ நினைத்தான், வெள்ளைக்காரர்கள் வந்தால் கஹ்வா என்ற அரபிக் காப்பியும் பேரீச்சம்பழமும் கொடுப்பார்கள் என்று கேள்விப்பட்டிருந்தான். ஜிஷா ஒரு மிடறு குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"கசக்குது டாடி. எனக்கு வேண்டாம்."

"ஒரு வீட்டுல தந்தா வேண்டாம்னு சொல்லப்பிடாது மக்ளே. குடிச்சிட்டு, கிண்ணத்த ரெண்டு கையாலயும் மரியாதையா திருப்பிக் குடு."

இந்த வார்த்தைகளைப் பின்னால் அவன் எத்தனை முறை தனக்குத்தானே சொல்லிப் பார்த்துக்கொண்டு தலையில் அடித்துக்கொண்டான் என்பதற்குக் கணக்கில்லை. அவன் ஊர் குளச்சல் பக்கம் எந்த வீட்டிலும் பிள்ளைகளுக்கு அப்படித்தான் சொல்லி வளர்ப்பார்கள், அவனும் சொன்னான். அவள் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாள். அவன் மறுபடி கோபுரத்துக்குள் தலையைக் கொடுத்தான். மறுபடி அந்த ஊற்றும் சத்தம். திரும்பிப் பார்த்தால் கிண்ணம் நிறைந்திருந்தது. ஆள் இல்லை. அவள் பாவம், அப்பா சொன்னாரே என்று அதையும் குடித்தாள். குடித்ததும் இரண்டு கையாலும் நீட்டினாள், காலி இடத்தை நோக்கி. அவன் கண் இமைத்த நேரத்தில் கிண்ணம் மறுபடி நிறைந்திருந்தது.

ஆல்டோ அவளருகே ஓடினான். "போதும், எழும்பு" என்று கிண்ணத்தை வாங்கிப் பாயில் வைத்தான். தளும்பி விரலில் பட்டது, சுட்டது.

"டாடி, இன்னும் முடிக்கல."

"முடிச்சது போதும், வா."

வெளியேறும்போது ஒரு முறை திரும்பிப் பார்த்தான். கூஜாவோடு நின்ற பொம்மை வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. காலியான திண்டின் பக்கம் திரும்பி, குனிந்து நின்றது. வரும்போதே அப்படித்தான் நின்றிருக்கும் என்று ஆல்டோ தனக்குச் சொல்லிக்கொண்டான். வேறெப்படியும் நினைக்க அவன் விரும்பவில்லை.

சத்வாவில் தையற்கடைகளுக்கு மேலே, ஓர் அறையும் ஹாலும் கொண்ட பிளாட் அவர்களுடையது. சுபிஷா வந்து சாளை மீன் குழம்பு வைத்தாள். ஜிஷாவுக்கு உயிர் அது. அன்று தட்டைத் தொடவில்லை. "வயிறு ஃபுல் மம்மி" என்றாள்.

"என்னத்த வாங்கிக் குடுத்திய?"

"ஒண்ணும் இல்ல சுபி. அங்க கொஞ்சம் காப்பி குடுத்தாவ."

சுபிஷா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், சூடில்லை. ஆனால் பிள்ளையின் வலக்கை ஒரு மாதிரி இருந்தது. கட்டை விரலும் மற்ற விரல்களும் வளைந்து, நடுவில் ஏதோ இருப்பதைப் போலப் பிடித்திருந்தாள். விரித்தால் விரியும், விட்டால் மறுபடி வளைந்துகொள்ளும். பள்ளிக்கூடத்துக்கு வரைந்த படத்தையும் இடது கையால்தான் வரைந்தாள். ஏன் என்று கேட்டதற்கு, "அந்தக் கை பிஸி" என்றாள். சுபிஷா சிரித்தாள். ஆல்டோவுக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் மதியம் ஜிஷா தூங்கிக்கொண்டிருந்தாள். சுபிஷா டூட்டிக்குப் போயிருந்தாள். பக்கத்தில் படுத்திருந்த ஆல்டோவுக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது, எழுந்து ஜன்னல் ஏசியை அணைத்தான். அது பழைய பெட்டி, அணைத்தால் ஒரு முறை உதறிவிட்டுத்தான் நிற்கும். உதறியது, நின்றது. கீழே தையல் மெஷின்கள் ஓடும் சத்தமும், தெருவில் எவனோ ஜல்தி ஜல்தி என்று கத்துவதும், கார் ஹாரனும் ஜன்னல் வழியாகத் தெளிவாகக் கேட்கத் தொடங்கின. குளிர் மட்டும் குறையவில்லை. பிளக்கைப் பிடுங்கினான். குறையவில்லை. காற்று ஏசியிலிருந்து வரவில்லை. மேலேயிருந்து வந்தது.

அவன் தொழில்காரன். பயப்படுவதற்கு முன் சோதித்துப் பார்க்கிற புத்தி. ஒரு டிஷ்யூ தாளைப் பிடித்துக்கொண்டு அறை முழுக்க நடந்தான். கதவோரம் தாள் அசையாமல் தொங்கியது. அலமாரியோரமும் அப்படியே. ஜிஷாவின் கட்டிலுக்கு மேலே கொண்டுபோனதும் தாள் அவன் கையை இழுத்துக்கொண்டு நேராகக் கீழ் நோக்கிப் படபடத்தது. அண்ணாந்தான். வெள்ளையடித்த கான்கிரீட். ஒரு விரிசல்கூட இல்லை.

அப்போதுதான் அந்தச் சத்தத்தைக் கவனித்தான். மெல்லியதாக, உயரத்திலிருந்து ஊற்றும் சத்தம். பிறகு ஜிஷாவின் தொண்டை ஏறி இறங்கியது. தூக்கத்திலேயே உதட்டைச் சப்பிக்கொண்டாள். ஒரு நிமிடம் போனது. மறுபடி ஊற்றும் சத்தம். தலையணையில் அவள் வாயோரம் பழுப்பாக ஈரம் படர்ந்திருந்தது, குனிந்து முகர்ந்தான். ஏலக்காய்.

"மக்ளே, எழும்பு. மக்ளே!"

கண் விழித்தாள். அவனைப் பார்த்தாள், பிறகு அவன் தோளுக்குப் பின்னால் பார்த்தாள். யாரோ பெரியவர்கள் நிற்கும்போது பிள்ளைகள் பார்க்கும் பார்வை. ஆல்டோ திரும்பிப் பார்க்கவில்லை. அவனால் முடியவில்லை.

அதன் பிறகு அவள் எதையும் தின்னவில்லை. சோறு வேண்டாம், பால் வேண்டாம், அவளுக்குப் பிடித்த பொரித்த கோழி வேண்டாம். வயிறு இறுகிக் கல்லாக இருந்தது, கன்னம் மட்டும் ஒட்டிக்கொண்டே போனது. சுபிஷா தன் ஆஸ்பத்திரிக்கே தூக்கிக்கொண்டு ஓடினாள். இரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். எல்லாம் நார்மல். குழந்தை இப்போதுதான் வயிறு நிறையக் குடித்திருக்கிறாள், கட்டாயப்படுத்தாதீர்கள் என்று டாக்டர் சொன்னார். வரும் வழியில் டாக்ஸியில் வைத்து சுபிஷா வெடித்தாள்.

"ஒரு நாள். ஒரே ஒரு நாள் பிள்ளைய ஒங்கள நம்பி விட்டேன். எந்த வீடு அது? எவன் குடுத்தான்? என்னத்தக் கலந்து குடுத்தான்?"

ஊற்றும் சத்தம் உனக்குக் கேட்கிறதா என்று கேட்டான். அவள் அவனை முறைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளுக்குக் கேட்கவில்லை. காற்றுகூட அவள்மேல் படவில்லை. அந்த வீட்டுக்குள் கால் வைத்தவன் அவன், அதனால் அவனுக்குக் கேட்கிறது. வேண்டாம் என்று கையை ஆட்டியவனும் அவன், அதனால் அவனுக்கு ஊற்றமாட்டார்கள். ஒரு முறை பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து தன் கையை நீட்டிப் பார்த்தான். எனக்குத் தா, எனக்குத் தா என்று வாய்விட்டுக் கெஞ்சினான். காற்று அவன் உள்ளங்கையைச் சுற்றிக்கொண்டு ஜிஷாவின் கைக்குப் போனது.

மாடிப்படிக்குக் கீழே அகமது கபீர், அபாயா என்ற பெண்கள் அங்கிக்கான துணிக்கடை வைத்திருந்தார். காயல்பட்டினத்துக்காரர், தலை நரைக்க நரைக்க இந்த ஊரிலேயே கிடந்தவர், அந்தக் கட்டடத்தில் எல்லாருக்கும் காக்கா, அண்ணன் முறை. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆல்டோ படியிறங்கியபோது அவர் மூக்கை உறிஞ்சினார்.

"என்னா தம்பி, அரபி வூட்டு விருந்துக்குப் போய்ட்டு வாறியளா? கஹ்வா மணக்குதே."

ஆல்டோ அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டான். எல்லாவற்றையும் சொல்லவில்லை. போன வீட்டில் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கக் கொடுக்க ஊற்றிக்கொண்டே இருந்தார்கள் என்று மட்டும் சொன்னான். கபீர் சிரித்தார்.

"குலுக்கலியா?"

"எத குலுக்கணும் காக்கா?"

"கிண்ணத்தத்தான்." மேஜையிலிருந்த டீக் கப்பை எடுத்து, மணிக்கட்டை இடமும் வலமுமாக லேசாக ஆட்டிக் காட்டினார். "இப்படிக் குலுக்கிக் குடுத்தாத்தான் போதும்னு அர்த்தம். சும்மா நீட்டுனா இன்னும் ஊத்துன்னு அர்த்தம். விருந்தாளி குலுக்குற வரைக்கும் ஊத்துறவன் கூஜாவக் கீழ வைக்க மாட்டான். அது அவங்க மரியாதை. வந்த புதுசுல நானும் அறியாமக் குடிச்சிக் குடிச்சி வயித்தால போச்சி."

"குலுக்கிட்டா விட்டுருவாவளா?"

"விடாம என்னா? குலுக்குன பொறகு பகூர் சட்டி வரும், நம்ம சாம்பிராணி மாதிரி. மரக்கூடு ஒண்ணு வச்சிருப்பாங்க பாருங்க, அதுமேல உடுப்பப் போட்டுப் புகை புடிப்பாங்க. பகூர் வந்திட்டா விருந்து கலாஸ். அப்புறம் ஒருத்தரும் இருக்கப்பிடாது, எழும்பிப் போயிரணும்."

கோழிக்கூடு, என்று நினைத்துக்கொண்டான் ஆல்டோ. ஆனால் அவன் மனம் அதில் தங்கவில்லை. குலுக்கினால் போதும். இத்தனை நாளும் ஒரு குலுக்கல்தான் குறைவாக இருந்திருக்கிறது. சந்தோஷத்தில் கபீரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டான். அவர் பயந்துபோனார்.

"மக்ளே, கிண்ணத்தக் குலுக்கு. இந்தா, இப்படி."

தோளில் கிடந்த ஜிஷா தன் வளைந்த கையைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"நிறைய இருக்கு டாடி. சிந்திரும்."

"குடிச்சிட்டு குலுக்கு மக்ளே."

"குடிச்ச உடனே ஊத்திடுறாங்க."

சைட்டுக்கு லீவு சொல்லிவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிரீக் கரைக்குப் போனான். அந்த வீட்டுக்கே போய், அவர்கள் காலில் விழுந்தாவது கூஜாவைக் கீழே வைக்கச் சொல்ல வேண்டும். ஆனால் சந்தின் கடைசியில் வீடே இல்லை, ஒரு சுவர்தான் இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் கார் பார்க்கிங். வாட்ச்மேனைக் கேட்டான். அவன் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, இங்கே மியூசியம் வீடு மூன்றுதான் பாய், எது வேண்டுமோ போய்ப் பார் என்றான். எது வேண்டும்? முத்து வியாபாரி வீட்டு மஜ்லிஸில் நின்று பிள்ளையின் கையை நீட்டச் சொன்னான். ஏசி உறுமியது, பொம்மைகள் தூசி படிந்து வெறுமனே பொம்மைகளாக இருந்தன. பேரீச்சம்பழ வியாபாரி வீட்டுக்குப் போனான். பள்ளிக்கூட வீட்டுக்குப் போனான். மூன்றிலும் கோபுரத்தின் வழியாக வானம் தெரிந்தது. அன்று இந்த மூன்றில் ஏதாவது ஒன்றுக்குப் போயிருக்கலாம். முத்து வியாபாரி வீட்டுக்குப் போகலாம் என்றுதானே பிள்ளை கேட்டாள்! அனல் அடித்தால் என்ன செத்தா போயிருப்பான்? சந்தில் நின்று தன் கன்னத்தில் தானே அறைந்துகொண்டான். போகிறவர்கள் ஒதுங்கிப் போனார்கள்.

"டாடி, வீட்டுக்குப் போலாம். அங்க எல்லாரும் வெயிட் பண்றாங்க" என்றாள் ஜிஷா.

பிளாட்டைத் திறந்தபோது குளிர் முகத்தில் அறைந்தது. ஹாலில் ஏசியே கிடையாது. வெயில் சாயும் நேரம், திரைச்சீலை மூடியிருந்தது, மங்கலில் சோபாவும் தையல் மெஷினும் சுபிஷா மடித்து வைத்திருந்த துணிகளும் வழக்கமான இடத்தில்தான் இருந்தன. இருந்தாலும் சுவரோரம் இருட்டு கூடுதலாக இருந்தது, ஆட்கள் சாய்ந்து உட்கார்ந்திருக்கும் உயரத்துக்கு, ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக. லைட் சுவிட்சைப் போட்டான். லைட் எரிந்தது. இருட்டு போகவில்லை.

ஜிஷா தோளிலிருந்து இறங்கினாள். நடு ஹாலில் மஞ்சள் ஃபிராக்கை ஒதுக்கிவிட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். கையை நீட்டினாள்.

ஊற்றும் சத்தம்.

குடித்தாள். தொண்டை ஏறி இறங்கியது. இடைவெளி. ஊற்றும் சத்தம்.

ஆல்டோ அவளுக்கு எதிரே மண்டியிட்டான். பற்கள் அடித்துக்கொண்டன. கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். கம்ப்ரஸர் நின்று மறுபடி ஓடத் தொடங்குவதற்குள் ஓர் இடைவெளி இருக்கும், அதைக் காதாலேயே பிடிப்பது அவன் பிழைப்பு. ஊற்றுகிறார்கள். குடிக்கிறாள். விழுங்குகிறாள். அதற்குப் பிறகு, அடுத்தது விழுவதற்கு முன், ஒரு மூச்சு நேரம். அந்த நேரத்தில் கிண்ணம் காலி.

ஊற்றினார்கள். குடித்தாள். விழுங்கினாள்.

பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்தான். குலுக்கினான். இடம், வலம். இடம், வலம். பிள்ளை வலிக்குது என்று கத்தினாள். விடவில்லை. கொதிக்கக் கொதிக்க ஏதோ அவன் முழங்கையில் சிந்தித் தோலை உரித்தது. விடவில்லை. குலுக்கினான்.

சத்தம் நின்றது.

காற்று நின்றது. ஹாலுக்குள் வழக்கமான புழுக்கம் வந்து நிறைந்தது. கீழே தையல் மெஷின் ஓடுவது கேட்டது. ஜிஷாவின் விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன, உள்ளங்கை சிவந்திருந்தது. அவள் அதை ஆச்சரியமாகப் பார்த்தாள்.

"டாடி, பசிக்குது."

அவன் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சத்தம் போட்டு அழுதான். மாதாவே, மாதாவே என்பதைத் தவிர வேறு வார்த்தை வரவில்லை. சுபிஷாவுக்குப் போன் அடித்தான். "பிள்ளை சோறு கேக்குது சுபி. நம்ம பிள்ளை சோறு கேக்குது." மறுமுனையில் அவள் விம்முவது கேட்டது. சிஸ்டரிடம் சொல்லிவிட்டு இப்போதே கிளம்புகிறேன் என்றாள்.

சமையலறைக்கு ஓடினான். சோற்றைச் சூடாக்கினான், குழம்பை விட்டுப் பிசைந்தான், முள் இருக்கிறதா என்று விரலால் தடவித் தடவிப் பார்த்தான். நெஞ்சு லேசாக இருந்தது. ஹாலில் ஜிஷா ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அதைக் கேட்டுக்கொண்டே ஓர் உருண்டை உருட்டினான், இன்னோர் உருண்டை உருட்டினான். தட்டின் ஓரத்தில் வரிசையாக வைத்தான்.

மணம் வந்தது.

முதலில் மாதா கோயில் நினைவுதான் வந்தது, பூசையில் குந்திரிக்கப் புகை போடுவார்களே, அது. கபீர் காக்கா கடையில் சாயங்காலப் புகை போடுகிறார் போல என்று நினைத்தான். ஜன்னல் பக்கம் போய் முகர்ந்தான். ஜன்னலில் மணம் இல்லை. மண்ணெண்ணெய், பெட்ரோல், தெருப் புழுதி. மணம் பின்னாலிருந்து வந்தது. ஹாலிலிருந்து.

பகூர் வந்திட்டா விருந்து கலாஸ்.

தட்டு கையிலிருந்து நழுவியது.

ஒருத்தரும் இருக்கப்பிடாது.

ஹாலில் பாட்டு நின்றிருந்தது. ஜிஷாவின் குரல் கேட்டது, பெரியவர்களிடம் பேசும்போது அவளுக்கு வரும் அந்த நல்ல பிள்ளைக் குரல். "தேங்க் யூ அங்கிள்."

"மக்ளே, எழும்பாத! இருக்க எடத்துல இரி! நான் வாறேன், இரி!"

கத்தினான். ஓடினான். நாலு எட்டில் தாண்டுகிற சமையலறை. நீண்டுகொண்டே போனது. சோற்றில் கால் வழுக்கியது. விழுந்தான். எழுந்தான். வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

சுவரோரம் இருட்டு இல்லை. யாரும் இல்லை. வெளிக்கதவு உள்ளே தாழிட்டபடி இருந்தது. நடு ஹாலில், அவள் உட்கார்ந்திருந்த இடத்தில், மரக்குச்சிக் கூடு நின்றது. அடியில் மண்சட்டி. கனல். கூட்டின் மேல் மஞ்சள் ஃபிராக், பொத்தான்கள் எல்லாம் ஒழுங்காகப் போட்டு. கழுத்து வழியாகப் புகை நேராக மேலே ஏறிக்கொண்டிருந்தது.

படிக்கட்டில் சுபிஷா ஓடிவரும் செருப்புச் சத்தம். மூச்சு வாங்கிக்கொண்டே, "மக்ளே, அம்மை வந்துட்டேன்" என்றாள் வெளியே. சாவி கதவில் நுழைந்தது.

ஃபிராக்கின் வலக்கை மட்டும் புகை நிறைந்து உப்பி, முன்னால் நீண்டிருந்தது. இடமும் வலமுமாக, அவன் கற்றுக்கொடுத்தபடியே, மெல்லக் குலுங்கிக்கொண்டிருந்தது.